கண்ணால் பார்த்தவர்

“இன்னிக்காவது ஏதாவது ஞாபகம் வந்துச்சா, ஹேமநாதா?”

செருப்பைக் கழற்றும்போதே கேட்டார் திலீப். திருத்தணி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். ஆர்.கே.பேட்டை ரோட்டில் அடிபட்டுக் கிடந்த ஹேமநாதனை, நாலு பேர் கூடியதும் தன் காரிலேயே தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர். விபத்தைப் பார்த்த ஒரே ஆளும் அவர்தான்.

ஒரு கால் போய்க் கட்டிலில் கிடந்த ஹேமநாதன் அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். “ஒண்ணும் இல்லைங்க. இருட்டாவே இருக்குது.”

அதைக் கேட்ட பிறகுதான் அவர் காபியைக் கையில் எடுத்தார்.

ஹேமநாதன் பெண்டாட்டி பாஞ்சாலிக்குத் திலீப்தான் சாமி. அவள் புருஷன் இனி விசைத்தறி பக்கம் போக முடியாது. லாரிக்காரன் மேல் தப்பு என்று நிரூபித்தால்தான் நஷ்டஈடு கிடைக்கும் என்றிருந்தார் வக்கீல். லாரி நம்பரைச் சொன்னவரும் திலீப்தான், சாட்சிக்கு வருகிறேன் என்றவரும் அவர்தான். ரத்தம் பட்ட காரில் ஏற மனசு வரவில்லை என்று அதை விற்றேவிட்டார்.

அவளைப் பயமுறுத்தியது புருஷன்தான். திலீப் போன பிறகும் வாசலையே வெறித்துக்கொண்டிருப்பான். என்னவென்று கேட்டால், “அவரு கோர்ட்டுக்கு வருவாரில்ல?” என்பான். வேறு பேச்சே கிடையாது.

திலீப் வந்தார். லாரி தாறுமாறாக வந்து ஹேமநாதனின் பைக்கில் மோதியதைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்து சொன்னார். அந்த நேரத்தில் அந்த லாரியையும் தன் காரையும் தவிர ரோட்டில் வேறு வண்டியே இல்லை என்றும் அழுத்திச் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அன்றைக்கு முழுக்க அந்த லாரி எஞ்சினைக் கழற்றிய நிலையில் அரக்கோணத்தில் தன் ஒர்க்‌ஷாப்பில் நின்றது என்றார் அவர்.

கேஸ் போச்சு என்று பாஞ்சாலி தலையில் கை வைத்துக்கொண்டாள். திலீப் எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அடுத்து ஹேமநாதனைக் கூப்பிட்டார்கள். கட்டையை ஊன்றிக் கூண்டில் ஏறியவன், முதல்முறையாகத் திலீப்பின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“காரால இடிச்சிட்டு இறங்கி வந்து, ‘ஆள் செத்துட்டான்’னு போன்ல சொன்னீங்களே, அப்போ நான் முழிச்சிகினுதான் இருந்தேன்.”