கடைசி ஹாரன்

"கேப்டன், கீழ ஒரு அம்மா இது காப்பியா, பாத்திரம் கழுவின தண்ணியான்னு கேக்குறாங்க."

சுக்கான் அறை வாசலில் நின்று சொன்னாள் தெஸ்பினா. வடக்கேயிருந்து வந்து, இந்த சீசனில்தான் படகில் வழிகாட்டியாகச் சேர்ந்தவள். காலையில் சிமி தீவின் துறைமுகத்தில் ஆட்களை ஏற்றி, தீவைச் சுற்றிக் காட்டிவிட்டு, மாலையில் அங்கேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிற படகு அது.

கேப்டன் ஸ்டமாட்டிஸ் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எந்த ஊராம்?"

"தெரியல. நம்ம பாஷைதான் பேசுறாங்க. பெரிய தொப்பி, கறுப்புக் கண்ணாடி."

"அப்ப ஏதன்ஸ்தான். குத்தம் சொல்லாட்டி அவங்களுக்கு ரொட்டி தொண்டையில இறங்காது. சர்க்கரை தூக்கலா இன்னொண்ணு போட்டுக் குடு."

அவள் போனதும் கடிகாரத்தைப் பார்த்தார். மாலை ஐந்து பத்து. கடலுக்குள் நீண்டிருக்கும் தீவின் முனைக்கு இன்னும் இருபது நிமிடம். அன்று சீசனின் கடைசிப் பயணம்; யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல், காலையிலிருந்து அவர் கீழே இறங்கவே இல்லை.

முனையைத் தாண்டியதும் மலைச்சரிவில் தெரிகிற நீல ஜன்னல் வீடு அவர் மனைவி ஸெவஸ்தியுடையது. கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தொரு வருடமாக அந்த இடம் வந்தால் மூன்று முறை ஹாரன் அடிப்பார். ஜன்னல் திறக்கும். ஸெவஸ்தி வெள்ளை மேஜைவிரிப்பை நீட்டி உதறுவாள். சாப்பாடு தயார், வந்து சேர் என்று அர்த்தம்.

ஈஸ்டரோடு அது நின்றுபோனது. வீடு நிறைய விருந்தாளிகள், முற்றத்தில் முழு ஆட்டுக்குட்டி வாட்டிக்கொண்டிருக்கிறார்கள், இவரோ நாற்பது ஜெர்மன்காரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் வந்து பார்த்தால் அவருடைய துணிமூட்டை வாசலில் இருந்தது.

"ஊர் சுத்த வந்தவங்கதானே உனக்குச் சொந்தக்காரங்க? அந்தப் படகுலயே போய்க் குடித்தனம் பண்ணு!"

அந்தத் தீவுகளில் வீடு பெண் பேரில்தான் இருக்கும். கட்டிக்கொண்டவன்தான் அங்கே வந்து சேர வேண்டும். ஆகையால் கோபித்துக்கொண்டு பெட்டியைத் தூக்க வேண்டிய அவசியம் ஸெவஸ்திக்கு இல்லை. ஆறு மாதமாகப் படகில் முதுகு வலிக்கப் படுத்துக் கிடப்பது ஸ்டமாட்டிஸ்தான். மே மாதத்தில் ஒருமுறை போய்க் கதவைத் தட்டினார். உள்ளே ரேடியோ சத்தம்தான் கூடியது.

அதன் பிறகு தட்டத் தைரியம் வரவில்லை. ஹாரன் மட்டும் ஒருநாள் தவறாமல் அடித்தார்.

தெஸ்பினா மறுபடி வந்தாள். "கைப்பிடியெல்லாம் துருவாம். அவங்க வெள்ளைப் பாவாடையில ஒட்டிக்கிச்சாம்."

"நாளைக்குப் படகைக் கரையேத்தப் போறோம். அடுத்த வருசம் வந்தா புதுப் பெயின்ட் அடிச்சு வைக்கிறேன்னு சொல்லு."

"அடுத்த வருசம் படகு இருக்குமா, கேப்டன்?"

அவர் முனைப் பக்கம் கை காட்டினார். "இன்னிக்கும் ஜன்னல் திறக்கலேன்னா வித்துட வேண்டியதுதான். ஏதன்ஸ்ல தம்பி இருக்கான். அங்க போய்க் கிடக்குறேன்."

"குத்தம் சொல்றவங்க ஊருக்கா?"

"இங்க என்னைக் குத்தம் சொல்லக்கூட ஆள் இல்லையே, பொண்ணே."

தெஸ்பினாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. "திறப்பாங்க கேப்டன். நீங்க அடிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

முனை வந்தது. ஸ்டமாட்டிஸ் படகை மெதுவாக்கினார். கீழே தெஸ்பினா மைக்கில் என்ன சொன்னாளோ, பயணிகள் அத்தனை பேரும் ஒரு பக்கமாக வந்து கைப்பிடியோரம் நின்றார்கள்.

ஒரு ஹாரன். மலை அதைத் திருப்பிச் சொன்னது.

இரண்டாவது ஹாரன். ஜெர்மன்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி அந்த வீட்டைப் பார்த்து ஆட்டினார். பக்கத்தில் நின்றவர்களும் கை ஆட்டினார்கள்.

மூன்றாவதை நீளமாக அடித்தார். விரலை எடுக்க மனசே வரவில்லை.

நீல ஜன்னல் அசையவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் நிறுத்திப் பார்த்தார். மற்ற நாட்களில் கொடியில் துணியாவது காயும். இன்று அதுவும் இல்லை. சரி, முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே படகைத் துறைமுகத்தை நோக்கித் திருப்பினார்.

பின்னால் தெஸ்பினா வந்து நின்றாள். ஏதோ சொல்லத் தயங்கினாள்.

"என்னவாம்? அந்த அம்மாதானே?"

"ஆமா, கேப்டன். ஹாரன் சத்தம் காதைப் பொளக்குதாம்."

"இனிமே கேக்காது, நிம்மதியா இருக்கச் சொல்லு."

"சொன்னேன். அதுக்கும் சண்டைக்கு வர்றாங்க. யாரு நிறுத்தச் சொன்னதுன்னு."

"பின்ன என்னதான் வேணுமாம்?"

"ஒண்ணும் வேணாமாம், சும்மா சொன்னாங்களாம். ஆறு மாசமா ஜன்னலுக்குப் பின்னாடி நின்னு கேட்டப்ப, இவ்வளவு சத்தமாத் தெரியலையாம்."