தலையாட்டம்

கிழவரின் தலை இன்றைக்கும் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஞானம்பிகை அதைப் பார்க்காமல் சூப்புக் கோப்பையை எடுத்தாள்.

"பசிக்குதோ ஐயா?"

பாரிசவாதத்தில் பேச்சுப் போன மனிதர். ஆம் என்றால் கேட்டவரின் கையை இறுக்கிப் பிடிப்பார், இல்லையென்றால் விட்டுவிடுவார். இப்போது பிடித்தார். ஊட்டினாள்.

இத்தாலியில், கால்சாப் பகுதியில் இருக்கும் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்த முதல் நாள், அந்தத் தலையைக் கண்டதும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். யாழ்ப்பாணத்துச் சுற்றிவளைப்பில், முகத்தை மூடிக்கொண்டு ஜீப்புக்குள் இருந்து ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி ஒருவன் தலையை ஆட்டித்தான் தம்பி இராஜதுரையை ஆமி ஏற்றிக்கொண்டு போனது. போனவன் போனவன்தான்.

"விசர்க் கதை கதையாதை. இது நடுக்க வருத்தம், ஒரு நோய்" என்றான் வேலை பிடித்துக் கொடுத்த நகுலேஸ்வரன். "ஏர்னஸ்ற் ஐயா ஆரெண்டு தெரியுமே? ஹிட்லரைக் கொல்லப் பாத்த ஜேர்மன் அதிகாரியளில ஒராள். கூட நிண்ட எல்லாரையும் தூக்கில போட்டாங்கள். இவர்தான் மிச்சம்."

அதற்குப் பிறகும் இரவில் அந்தத் தலை கனவில் வரும்.

கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது கடந்த ஜேர்மன்காரி ஒருத்தி நின்றாள்.

"என்ரை அப்பாவும் இவரோடை நிண்ட அதிகாரிதான்" என்றாள் இத்தாலிய மொழியில். "அவரையும் தூக்கில போட்டாங்கள். ஆர் காட்டிக்குடுத்தது எண்டு இண்டைக்கும் தெரியாது. இவரிட்டை ஒண்டு கேக்கவேணும்."

உள்ளே வந்தவள் கிழவரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் கையைத் தன் கைக்குள் வைத்து, ஜேர்மன் மொழியில் மெல்லக் கேட்டாள். மறுகணம் அவள் முகம் வெளிறியது.

"அப்பாவைக் காட்டிக்குடுத்தது நீங்களோ எண்டு கேட்டன். தலையாட்டுறார்! ஓம் எண்டுறார்!"

ஜீப்பும் அந்த முகமூடியும் ஞானம்பிகையின் கண்ணுக்குள் வந்து போயின. ஓடி வந்தாள்.

"ஐயோ சிஞ்ஞோரா, அது வருத்தம்! எதைக் கேட்டாலும் ஆடும். இஞ்சை பாருங்கோ... ஐயா, நீங்கள்தானே பாப்பரசர்?"

தலை ஆடியது. கிழவரின் கண் மட்டும் வந்தவளை விட்டு அசையவில்லை.

வந்தவள் அழுகையும் சிரிப்புமாக மூச்சு விட்டாள். "கடவுளே, இந்த மனுசனைப் போய்ச் சந்தேகப்பட்டிட்டன்!"

ஞானம்பிகையும் சிரித்தாள். வந்தவள் கண்ணைத் துடைக்கக் கையை இழுத்தாள். கை வரவில்லை. குனிந்து பார்த்தாள்.

"நான் கேட்டதிலையிருந்து கையை இப்பிடி இறுக்கிப் பிடிச்சிருக்கிறாரே, ஏன்?"