நரம்பு கக்கும் மெஷின்

"மெக்கானிக் அண்ணே, புல் வெட்டுற மெஷின் நைலான் நரம்பைக் கக்கிக்கிட்டே இருக்கு! கட்டிலும் வீடுமா கிடந்த எங்க வீட்டுக்காரரு இன்னைக்குத்தான் தோட்டத்துல இறங்கினாரு. வெறுத்துப்போய் மறுபடி படுத்துட்டா நான் என்ன செய்வேன்?"

"பதறாதீங்கம்மா. அடிப்பக்கத்தைத் தரையில தட்டினா நரம்பு நீளும். சும்மா சும்மா தட்டுறாரா பாருங்க."

போனுடன் ஜன்னலுக்கு ஓடினாள். கணவர் ஓரடி வைத்தார், மெஷினைத் தட்டினார். அடுத்த அடி, அடுத்த தட்டு.

"ஆமாண்ணே, அடிக்கொரு தட்டு!"

"எதுக்கும்மா அப்படி?"

விபத்துக்குப் பிறகு வீட்டுக்குள் அவள் தினமும் கேட்ட தாளம் அது. சட்டென்று திரும்பிப் பார்த்தாள். ஊன்றுகோல் கட்டிலோரம் சாய்ந்திருந்தது. அதை மறந்துவிட்டுத் தோட்டத்தின் கோடிவரை போயிருந்தார்.

"ரிப்பேருக்கு வரட்டுமாம்மா?"

"ஐயோ, வேண்டாண்ணே! இன்னும் ரெண்டு சுருள் நரம்பு மட்டும் கொடுத்தனுப்புங்க!"