ஐந்தாவது வாக்கியம்

நான்காவது வாக்கியம் வரை எந்தத் தகராறும் இல்லை.

“ஐ டிட் நாட் ஸீ ஹிம் கோ” என்று வாசித்தேன். அவன் போனதை நான் பார்க்கவில்லை. “ஐ டிட் நாட் ஹியர் ஹர் சிங்.” அவள் பாடியதை நான் கேட்கவில்லை. நாலாவது பாரத்துப் பெண்கள் பதினொரு பேரும் மளமளவென்று எழுதினார்கள்.

பாடமாம், பாடம்! ஐந்தாவது வாக்கியத்துக்காகத்தான் அந்த நான்கும்.

அதை ஹெட்மிஸ்ட்ரஸ் காலையிலேயே ஒரு சீட்டில் எழுதித் தந்திருந்தார். ‘இன்ஸ்பெக்டர் அந்தக் கிழவரை அடித்ததை நான் பார்க்கவில்லை.’ தனித்தாளில் எழுதவேண்டும். அடியில் பெயர், தேதி, கையெழுத்து. டிக்டேஷன் தாளில் கையெழுத்திடுவது எங்கள் பள்ளி வழக்கம், ஆகவே பெண்களுக்குச் சந்தேகம் வராது. சாயங்காலம் விசாரணைக்கு வருகிற அதிகாரியிடம் பதினொரு சாட்சியம் போய்ச் சேர்ந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மாணவர் ஊர்வலம் எங்கள் கேட்டைத் தாண்டிப் போனது. பையன்கள் ஓடிவிட்டார்கள். கையில் அகப்பட்டவர் கேட்டருகே மல்லிகை விற்கிற கிழவர் தொட்டையன். கூடைக்குள் காங்கிரஸ் கொடியை ஒளித்தார் என்று போலீஸ் இன்ஸ்பெக்டர் அவரை அடித்தார். தோள் எலும்பு முறிகிறவரை அடித்தார். மாடி ஜன்னலில் நின்று வகுப்பே பார்த்தது. நானும் பார்த்தேன்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் ஐந்தாவதை வாசித்தேன்.

பத்துப் பேனாக்கள் ஓடின. மாதேவி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எங் கண்ணால பாத்தனுங்க டீச்சர். பாக்கலீன்னு எப்படீங்க எழுதறது?”

கொள்ளேகால் பெண். ஹாஸ்டலில் இலவசச் சாப்பாடு, இலவசப் படுக்கை. திருப்பி அனுப்பினால் தை மாதமே மாமன் தாலியோடு நிற்பான். அத்தோடு படிப்புக்கு முழுக்கு. இதெல்லாம் அவளுக்குத் தெரியாதா என்ன?

வாசலில் நின்றிருந்த ஹெட்மிஸ்ட்ரஸ் உள்ளே வந்தார். எழுது, இல்லாவிட்டால் மூன்று மணி பஸ்ஸுக்குப் பெட்டியைக் கட்டு என்றார். இவள் நம் மைசூர் சமஸ்தானத்துப் பெண்கூட இல்லை, கோயமுத்தூர் ஜில்லாக்காரி, இவளுக்கு ஏன் இந்த வம்பு என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

மாதேவி பேனாவை எடுத்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கு எரிச்சல் வருகிறது.

எழுதி முடித்துத் தாளை என்னிடம் நீட்டினாள்.

‘ஐ ஸா த இன்ஸ்பெக்டர் பீட் த ஓல்ட் மேன்.’ பார்த்தேன் என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அடியில் முழுப் பெயர், தேதி, கையெழுத்து.

ஹெட்மிஸ்ட்ரஸ் தாளை எட்டிப் பார்த்துச் சிரித்தார். பத்துப் பேர் இல்லை என்கிறபோது ஒரு பட்டிக்காட்டுப் பெண்ணின் பேச்சை எந்த அதிகாரி எடுத்துக்கொள்வான், பெரியவர்கள் யாராவது சொன்னால் அல்லவா சாட்சி என்றார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்!

மாதேவியின் பேனாவையே வாங்கினேன். அவள் கையெழுத்துக்குக் கீழே ‘நானும் பார்த்தேன்’ என்று இங்கிலீஷில் எழுதினேன். செலுவம்பா, உதவி ஆசிரியை. முள் தாளில் பதிய அழுத்தியே எழுதினேன்.

“பேடா, செலுவம்பா, பேடா!” ஹெட்மிஸ்ட்ரஸ் வேண்டாம் என்று கன்னடத்தில் பதறி என் மணிக்கட்டைப் பிடித்தார். அவருக்கு என் குடும்பம் தெரியும்.

கையை விடுவித்துக்கொண்டேன். பெரியவர்கள் சாட்சி என்றால் விலாசமும் வேண்டுமே. அதையும் எழுதினேன்.

கேர் ஆஃப் இன்ஸ்பெக்டர் நரசிம்மமூர்த்தி, போலீஸ் குவார்ட்டர்ஸ், மைசூர்.

கிழவரை அடித்த அந்த இன்ஸ்பெக்டர்தான் என் கணவர் இறந்த நாளிலிருந்து எனக்குச் சோறு போடுகிற அண்ணா. என் கையெழுத்து அவருக்கு நன்றாகத் தெரியும். படிக்கட்டும்.