மூன்றாவது பாட்டில்

தண்ணீர் சூடாக இருந்தது.

இரைமீன் பெட்டிக்குள் வலது கையை விட்டுப் பார்த்த டைலருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மாப்ள, ஐஸ் பாட்டிலைப் போடச் சொன்னேனே, போட்டியா இல்லையா?"

"அப்பவே போட்டாச்சு மாமா. இதோ மிதக்குது பாருங்க" என்றான் படகின் மறுமுனையில் இருந்த மைத்துனன்.

மிதந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் டைலர் கண்ணைவிட விரலைத்தான் நம்புவார். துணியை ஒரு தடவு தடவி, அது எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுகிற விரல்.

மனைவியின் தம்பி. நாற்பது வயது. ஊரெல்லாம் சுற்றி ஃப்ரிட்ஜ் பழுது பார்ப்பவன். ஏரிக்கு வருவது இதுதான் முதல் தடவை.

காலையில் படகில் ஏறியதிலிருந்து டைலர் அவனை ஓயவிடவில்லை. மீன்களை நெருக்கி அடைக்காதே, மூச்சு முட்டிப்போகும். செத்ததை உடனே எடுத்து எறி. காய்ந்த கையால் தொடாதே, மேலே இருக்கிற வழவழப்புப் போனால் மீனே போச்சு. தண்ணீர் இதமாகக் குளிர்ந்திருந்தால் துள்ளாது, நல்ல பிள்ளை மாதிரி கையில் இருக்கும், தூண்டில் முள்ளில் கோக்க லேசு. அதற்காக ஒரேயடியாகக் குளிரவிட்டாலும் ஆபத்து.

டைலர் ஒரு மீனைப் பிடித்தார். நழுவியது.

மறுபடி பிடித்தார். அது துள்ளவில்லை, துடிக்கவில்லை. ஆனாலும் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் இந்தச் சூடான தண்ணீரால் வந்த வினை.

"இது பத்தாது. இன்னொண்ணு போடு" என்று ஐஸ் பெட்டியை இடது கையால் காட்டினார்.

மைத்துனன் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தான். பிறகு பக்கென்று சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே இன்னொரு பாட்டிலை எடுத்துப் போட்டான்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

டைலர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். மறுபடி வலது கையை விட்டார். இம்மியளவும் குளிரவில்லை.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்றவனுக்கு ஒரு பெட்டித் தண்ணியைக் குளிர வைக்கத் தெரியல! இன்னொண்ணையும் போடுடா!"

கையை நீட்டிக் காட்டியபடியே கத்தினார். மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். மூன்றாவது பாட்டிலும் பெட்டிக்குள் இறங்கியது.

ஏதோ கோமாளியைப் பார்ப்பது போல இவன் சிரிக்கிறானே என்று டைலருக்கு வந்த ஆத்திரத்தில், பெட்டியைச் சற்று நேரம் கவனிக்கவில்லை.

கவனித்தபோது மீன்கள் சாய்ந்திருந்தன.

முதலில் ஒன்று. பிறகு நாலைந்து. பிறகு மொத்தமும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மல்லாந்தன. பெட்டிக்குக் காற்றூட்டும் மோட்டார் மட்டும் தன் பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

வெந்தே போய்விட்டதா என்று டைலர் பதறினார்.

மைத்துனன் சிரிப்பை நிறுத்தினான். ஒரு மீனை எடுக்கலாம் என்று கையை உள்ளே விட்டவன், "அம்மாடி!" என்று அலறிக்கொண்டு வெடுக்கென்று இழுத்தான். விரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு நெளிந்தான்.

டைலர் இடது கையைத் தண்ணீருக்குள் விட்டார்.

குளிர் எலும்பு வரைக்கும் கடித்தது.

வலது கையையும் விட்டார். ஒரே பெட்டி. ஒரே தண்ணீர். இடது கை விண்விண்ணென்று தெறித்தது. பக்கத்தில் வலது கை, வேறு யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதைப் போல, வெதுவெதுப்பாகக் கிடந்தது.

உள்ளங்கையில் ஒரு மீன் வந்து படிந்தது. விரல்களை மூடப் பார்த்தார். நாலும் அசையவில்லை. கட்டைவிரலும்.



"என் கை செத்துப்போச்சு மாப்ள. படகைக் கரைக்கு விடு."

மைத்துனன் துடுப்பைத் தொடவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. தவழ்ந்து வந்து அவருடைய தோள்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ரெண்டாவது பாட்டிலுக்குக் கை காட்டினீங்களே, அப்ப இருந்து நீங்க பேசுறது ஒரு வார்த்தைகூடப் புரியல. என்னைச் சிரிக்க வைக்கத்தான் இப்படி உளறிக் காட்டுறீங்கன்னு நினைச்சேன்."

டைலருக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் தெளிவாகத்தானே பேசுகிறேன் என்றார். அதைக் கேட்டு மைத்துனனுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு அவன் நேரம் கடத்தவில்லை. போனில் ஆம்புலன்ஸைப் படகுத்துறைக்கு வரச் சொன்னான். எப்போது ஆரம்பித்தது என்று அவர்கள் கேட்டதற்கு, இருபது நிமிஷம் இருக்கும் என்றான். அடுத்து அக்காவைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னான். துடுப்புப் போட இரண்டு கையும் வேண்டியிருந்ததால் போனை டைலரின் இடது கையில் திணித்தான்.

படகு திரும்பியது. துடுப்புப் பிடித்துப் பழகாதவன், தண்ணீரை வாரி வாரி இறைத்துக்கொண்டு வலித்தான். ஆனாலும் கரை நெருங்கிக்கொண்டுதான் இருந்தது.

"என்னங்க, நான் பேசுறது கேக்குதா? தம்பி என்னென்னவோ சொல்றானே. ஒரு வார்த்தை பேசுங்களேன்" என்றாள் மனைவி.

சொல்லவேண்டியது முழுவதும் டைலரின் மனதில் வரிசையாக நின்றது. ஒன்றுமில்லை, பயப்படாதே, வந்துகொண்டிருக்கிறோம்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். உதடுகளை இறுக மூடிக்கொண்டார்.