போன வருஷம் தும்மியவர்

"நல்லா உத்துப் பாருங்க அண்ணி, வயிறு ஏறி இறங்கும்" என்று டோரின் காதைக் கடித்தாள்.

சவப்பெட்டிக்குள் அந்த மனிதர் முறுக்கிய மீசையும் பழங்காலக் கோட்டுமாகக் கிடந்தார். நிலைக்கண்ணாடிமேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். நெப்ராஸ்காவின் கோதுமைச் சமவெளிக்கு நடுவே, பாட்டன் காலத்து மாளிகைகளைப் பொத்திப் பாதுகாக்கும் ஊர் அது. வருஷாவருஷம் இந்தக் கூடத்தில் அந்தக் காலத்துச் சாவு வீட்டை நடித்துக் காட்டுவார்கள்.

"போன வருஷமும் இதே ஆளுதான். பாதியிலே போட்டாரு பாருங்க ஒரு தும்மல், கூட்டமே உருண்டு சிரிச்சுது! இன்னைக்கு வாசல்ல டிக்கெட்டுகூடக் கேக்கலை, நமக்கு நல்ல நேரம்."

போன அறுவடையில் கணவர் ஆர்வில் வயலிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனதிலிருந்து அண்ணி வெர்லாவுக்கு எதுவும் உறைப்பதில்லை. அடக்கத்தன்று வந்தவர்களுக்கு உருளைக்கிழங்கு சாலட் பரிமாறினாள், பாத்திரம் கழுவினாள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

"எங்கண்ணனுக்கு ஒரு கல்லையா கட்டி வெச்சோம்?" என்று டோரின் அன்றைக்குக் கேட்டாள். அவள் அதை மறந்துவிட்டாள். வெர்லாதான் தினமும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள், நான் கல்தானோ என்று.

கடைத்தெருவில் வாங்கிய தொப்பியிலிருந்து டோரின் ஓர் இறகைப் பிடுங்கிப் பெட்டிக்குள் இருந்தவரின் மூக்கடியில் ஆட்டினாள். மனிதர் அசையவில்லை.

"அடேயப்பா, இந்த வருஷம் நல்லாத் தேறிட்டாரு!"

மூலையிலிருந்த கிழவர் ஒருவர் விருட்டென்று எழுந்தார். பெட்டியருகே கறுப்புடையில் இருந்த விதவை, வேண்டாம் என்று அவரைக் கையமர்த்தினாள்.

அவள் கண்ணிலும் ஈரம் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்திருந்தாள். வெர்லா மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த வேஷத்துல வேற யாரா இருந்தாலும் அழுது தீர்த்திருப்பாங்க. நானும் இப்படித்தாம்மா உக்காந்திருந்தேன். யாரு சொல்லிக் குடுத்தா உங்களுக்கு?"

"யாரும் சொல்லிக் குடுக்கலை. வரலை, அவ்வளவுதான்."

"எனக்கும் வரலை. கல்லுன்னாங்க."

"கல்லு இல்லைம்மா" என்றாள் அவள், வெர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு.

வெர்லாவும் அந்தக் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். இன்னும் ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

"பாவம், இன்னைக்கு எத்தனை தடவை இப்படி உக்காரணும் உங்களுக்கு?"

"ஒரே தடவைதான். இங்கேயே, இப்படியே கிடத்தச் சொன்னாரு" என்றவள், இன்னும் அந்தக் கையை விடவில்லை.

"நாடகம் நாளைக்கும்மா."