ழ வராத கட்டுரை

வீட்டில் என்னைப் 'பலம்' என்று கூப்பிடுவார்கள். பழம் என்று சொல்ல வராததால் ஒட்டிக்கொண்ட பெயர். வயது பதினாறு. இருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேலே, நானும் அக்காவும் தங்கும் ஒற்றை அறையில்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்தப் பன்னாட்டு எழுத்துப் போட்டிக்குத் தாய்மொழியிலும் எழுதலாம் என்று போட்டிருந்தது. தலைப்பு, 'நான் நன்றி சொல்ல வேண்டிய ஒருவர்'. இன்று மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும்.

எனக்குத் தமிழில் வேகமாகத் தட்ட வராது. போனிடம் பேசுவேன், அது எழுதும். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் இப்படித்தான் செய்தி அனுப்புவேன்.

என் நாக்கு சொன்னதை அது அப்படியே போட்டுவிடும். அதனால் எதை அனுப்பினாலும் அக்கா ஒருமுறை பார்ப்பாள். என் ல-க்களை ழ-வாக்குவது அவள் வேலை.

நாலு மணிக்குக் கீழே வேலை முடிந்து வந்தவள், உட்காரக்கூட இல்லை, போனை வாங்கினாள்.

"ஏன்டா, 'மலை பெய்தது'ன்னு விட்டிருக்கியே, யார் தலையில பெஞ்சுது?"

சிரித்துக்கொண்டே இடது கட்டைவிரலால் மளமளவென்று திருத்திக்கொண்டு போனாள். கடைசிப் பத்தியில் விரல் நின்றுவிட்டது.

கட்டுரை தேறாதோ?

"உனக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

"என்னக்கா?"

மெதுவாக வாசித்தாள். "'இங்கே வந்த நாளிலிருந்து அக்காவின் வலியில்தான் நான் நடக்கிறேன்.'"

பிறகு வலது கைச் சட்டையை மேலே ஏற்றினாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. சுற்றி ஒரு துணிக்கட்டு. ஈரப் படுக்கை விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்து இழுத்து, நாலு மாதமாக இப்படியாம்.

"படிக்கிற பிள்ளைகிட்ட எதுக்குச் சொல்லணும்னு இருந்தேன். நீ என்னடான்னா கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கே, கள்ளா."

"நாளைக்கு டாக்டர்கிட்ட போலாம்க்கா."

தலைவலி என்றால்கூட லீவு எடுக்காதவள், சரி என்று தலையாட்டினாள். அந்த வரியைத் தொடாமல் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

நடுவர்களிடம் சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று கடைசியில் ஒரு கட்டம் கேட்கிறது. அதில்தான் இதைப் பேசுகிறேன், குரலைத் தாழ்த்தி. இதில் உள்ள ழ-க்களை நானே தேடித் தேடிப் போட்டேன்.

முழுக்கைச் சட்டை குளிருக்கு என்று நினைத்திருந்தேன். இடது கையால் தட்டுவது அவள் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

பள்ளிக்கு, பஸ்ஸுக்கு, நூலகத்துக்கு என்று இந்த ஊரில் நான் போகிற இடமெல்லாம் அவள் முன்னால் நடந்து காட்டியது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

போனிடம் நான் சொல்ல வந்தது 'வழி'.

தெரிந்தால் நாளைக்கு டாக்டரிடம் வர மாட்டாள். பரிசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், தயவுசெய்து அந்த ஓர் எழுத்தைத் திருத்திவிடாதீர்கள்.